ஆறு மணிக் கோர்ட்

மூன்றாவது தடவையும் எண்ணிப் பார்த்தார். ஐந்துதான் வந்தது. சுவரோரப் பெஞ்சில் டீச்சர், அவளை ஒட்டி நர்ஸ், அடுத்து தையற்காரி. தூணில் சாய்ந்து நின்றவள் மருந்துக்கடைக்காரி. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவள், எல்லோரிலும் இளையவள் என்பதால் சின்னவள் என்றே பெயர் வாங்கியவள். ஆறாவது ஆள் கூடத்தின் நடுவே ஒரு மேடையில், பெட்டிக்குள் படுத்திருந்தாள். குழு மொத்தமும் தகன மையத்தில் இருந்தது. அப்படியானால் ஆறு மணிக்கு வாலிபால் கோர்ட்டில் யார்?

சாவிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து முப்பத்தெட்டு.

நாற்பது வருஷமாக ஓர் ஆள் அகலக் கடையில் உட்கார்ந்து சாவி வெட்டுகிறவர் அவர். பூட்டும் கையுமாக ஓடி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, பதறுவது மற்றவர்கள் வேலை, திறப்பது தன் வேலை என்று பழகிப்போனவர். நேற்றுக் காலை தேநீர்க் குவளையை மேசையில் வைக்கப் போன மனைவி வைக்காமலே சரிந்தபோதும் அவர் கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அவளைத் தாங்கப் போனோம் என்பது மத்தியானம் நினைவுக்கு வந்தது. அதற்காகக் குளியலறைக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தார்.

டீச்சரிடம் போய்க் குனிந்து, இன்றைக்கு யார் நிற்பது என்று கேட்டார். எங்கே என்றாள் டீச்சர். கோர்ட்டில் என்றார். டீச்சர் நர்ஸைப் பார்த்தாள். நேற்று நாங்கள் இரண்டு பேரும் நின்றோமே, இன்றைக்கு நீங்கள்தானே என்று நர்ஸ் தையற்காரியைப் பார்த்தாள். தையற்காரி மருந்துக்கடைக்காரியைப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரி பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் பெட்டியைப் பார்த்தாள். நாளைக்கு யார் நிற்பது என்று முந்தின நாளே விரலை நீட்டிச் சொல்லிவிடுகிறவள் அதற்குள்தான் இருந்தாள்.

ஒரு கோர்ட்டில் யாராவது நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்தப் பூங்காவைத் தெரியாது. குடியிருப்புக் கட்டடங்களுக்கு நடுவே கைக்குட்டை விரித்த மாதிரி ஓர் இடம். நாலு ஊஞ்சல், இரண்டு சறுக்கு மரம், ஒரு மணல் குழி, கம்பி வலைக்குள் கூடைப்பந்துக் களம். அதைத் தாண்டிக் கடைசியில் ஒரே ஒரு வாலிபால் கோர்ட். ஆடக் கேட்பவர்களோ ஊர்ப்பட்ட பேர். அதனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. எந்தப் பலகையிலும் எழுதப்படாத, ஆனால் பலகையில் எழுதிய எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காக நடக்கிற சட்டம். ஒரு குழுவுக்கு ஒரு மணி நேரம். காவலாளி அறைக் கடிகாரத்தில் அந்த மணி ஆகும்போது குழுவின் ஆள் ஒருவராவது கோட்டுக்குள் நிற்க வேண்டும். நின்றால் இன்றைக்கும் அவர்களுடையது, நாளைக்கும் அவர்களுடையது. யாரும் இல்லையென்றால், அந்த நிமிஷம் கோட்டுக்குள் கால் வைக்கிற குழுவுக்கு அது போய்விடும். அவர்கள் தவறவிடும் நாள் வரை திரும்பி வராது. காரணம் சொல்ல இடமில்லை. மழை, காய்ச்சல், கல்யாணம், சாவு, எதுவும் செல்லாது.

பதினோரு வருஷத்துக்கு முன்பு கொட்டுகிற மழையில், கையில் காய்ந்த மாவோடு, தனி ஆளாகக் கோட்டுக்குள் நின்று அவர் மனைவி பிடித்தது அந்த ஆறு மணி. அவள் பேக்கரியில் மாவு பிசைகிறவள். விடியுமுன் போனால் மத்தியானம் மூன்றுக்கு வருவாள். வந்ததும் வீடு, துணி, சமையல், படுக்கையில் கிடந்த மாமியார். ஐம்பது வயதில் ஒரு நாள், இருபத்து நாலு மணி நேரத்தில் எனக்கென்று ஒன்றாவது வேண்டாமா என்று கேட்டாள். கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டாள். பேரன் எடுக்கிற வயதில் பந்து எடுக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாவு பிசைந்த கையால் அவள் போடுகிற சர்வீஸ் எப்படி வரும் என்று எதிரில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், அவர்கள் சிரிக்கவில்லை. கேப்டன் என்றார்கள். சாவிக்காரர் அவளுக்குத் துண்டும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். மாலையில் அவ்வளவு நேரம் கடையைப் பூட்டிய சாவிக்காரர் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

அந்த ஆறு மணி இன்றைக்குப் போகப்போகிறது. அவளை எரிக்கிற அன்றைக்கே.

நாலரைக்கு உள்ளே அனுப்பிவிடுவோம் என்றுதான் மையத்தில் சொல்லியிருந்தார்கள். அப்படி நடந்திருந்தால் யாராவது ஒருத்தி தாராளமாக ஆறுக்குள் போயிருக்கலாம். முன்னால் வந்த இரண்டு குடும்பங்கள் தாமதமாகி, இப்போது ஆறரை ஆகும் என்றார் ஊழியர். தப்பு எப்போதும் தனியாக வருவதில்லை, துணைக்கு ஒரு தாமதத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

சின்னவள் முகத்தைக்கூடத் துடைக்காமல் வந்து, "நான் ஓடுறேன் அண்ணா. இப்பவே ஓடினா பிடிச்சிடலாம்" என்றாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார். பக்கத்துக்கு மூன்றாக ஆறு கைப்பிடிகள். கூடத்திலிருந்து உள்ளே உலைக் கதவு வரை முப்பது அடி தூக்கிக்கொண்டு போக வேண்டும். இது அவள் ஏற்பாடு. இதயம் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன வாரத்தில், ஆட்டம் முடிந்து வியர்வையோடு உட்கார்ந்திருந்தபோது ஐந்து பேரிடமும் சொல்லிவைத்தாள். என்னைத் தோள் கொடுத்துத் தூக்க எவனும் வர வேண்டாம், நீங்களே தூக்குங்கள், அன்றைக்கு முதுகு வலி என்று யாராவது சாக்குச் சொன்னால் எழுந்து வந்து உதைப்பேன் என்றாள். ஆறாவது கைப்பிடிக்கு என்ன செய்வது என்று தையற்காரி கேட்டாள். யாரையாவது பிடித்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள் கேப்டன். பக்கத்தில் துண்டோடு நின்றிருந்த சாவிக்காரர், அந்த யாராவது தான்தான் என்று எடுத்துக்கொண்டார்.

"நீ ஓடினா உன் கைப்பிடிய யாரு பிடிக்கிறது?" என்றார் சின்னவளிடம். "அவ உங்க அஞ்சு பேரையும் பேர் சொல்லிக் கேட்டா. என்னைக் கேட்கல. நான் போறேன்."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே உறைத்தது. கதவு திறந்து அவள் உள்ளே போகும்போது அவர் இங்கே இருக்க மாட்டார். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்துவிட்டு, கடைசி முப்பது அடிக்கு இருக்க மாட்டார். பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். முடியாது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஐந்து பேரில் யாரை எடுத்தாலும் அவள் கேட்டது குறையும், யாரும் போகாவிட்டால் அவள் பிடித்தது போகும். எந்தப் பக்கம் திருப்பினாலும் சாவி ஒன்றுதான் பொருந்தியது.

மகனிடம் சொல்லாமல் போக முடியாது. மகன் ஊழியரோடு படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அலுவலகத்தில் மேலாளர், அம்மாவின் சாவையும் நிமிஷ வாரியாகத் தாளில் போட்டு வைத்திருந்தான். அவனுக்கு அந்தக் கோர்ட்டின் மேல் பழைய வழக்கு ஒன்று உண்டு. அவன் கல்யாண விருந்தன்று எல்லாரும் படத்துக்கு நிற்கும்போது மாப்பிள்ளையின் அம்மாவைக் காணோம். மண்டபத்திலிருந்து கல்யாண உடையோடு போய் ஆறு மணிக்குக் கோட்டுக்குள் நின்று, காவலாளியிடம் தலையைக் காட்டிவிட்டு வந்தாள். அந்தப் படத்தில் அவள் இல்லை. சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

இப்போது அப்பாவும் அதே வார்த்தையைச் சொன்னதும் அவன் முகம் கறுத்தது. காதில் சரியாக விழவில்லை என்பதுபோல் இன்னொரு முறை கேட்டான். அவர் இன்னொரு முறை சொன்னார்.

"அம்மாவ உள்ள அனுப்பப் போற நேரம் அப்பா இது. நீங்க பார்க்குக்குப் போறேன்றீங்க."

"ஆமா."

"அம்மாதான் எல்லாத்துக்கும் மேல அந்த ஒரு மணி நேரம்னு இருந்தாங்க. நீங்களுமா?"

குரல் உயர்ந்ததைக் கேட்டு அவளுடைய அண்ணன் எழுந்து வந்தார். துக்க வீட்டில் நியாயம் பேசுவதற்கென்றே பிறந்தவர். நேற்றிலிருந்து வந்தவர் போனவர் எல்லாரிடமும் அவர் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: வயதுக்கு ஏற்றபடி வீட்டில் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாள். சாவிக்காரர் அதைப் பத்துத் தடவையாவது காதில் வாங்கியும் வாயைத் திறக்கவில்லை.

"மாப்பிள்ளை, நாலு பேர் சிரிக்கிற மாதிரி பண்ணாதீங்க" என்றார் அண்ணன். "அந்தப் பாழாப்போன ஆட்டம்தான் அவளைக் கொண்டுபோச்சு. டாக்டர் ஏதும் சொல்லியிருந்தா நாங்களாவது தடுத்திருப்போம்."

"டாக்டர் சொன்னாரு" என்றார் சாவிக்காரர்.

பெஞ்சிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடியே சொன்னாரு, மச்சான். ஆடக்கூடாது, மாடி ஏறக்கூடாது, மாவு பிசையக்கூடாதுன்னாரு. வெளிய வந்ததும் அவ என்னைப் பார்த்தா. உங்க யாருக்கும் சொல்லாதேன்னா. சொல்லல. அன்னையிலிருந்து அவளால குனிய முடியாது, மூச்சு வாங்கும். தினமும் சாயங்காலம் அவ ஷூவுக்குக் கயிறு கட்டி விட்டது நான்தான். முந்தாநேத்தும் கட்டி விட்டேன். இப்ப எழுந்து வந்து காலை நீட்டினாலும் கட்டி விடுவேன்."

மகன் கையிலிருந்த தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். ஆறு மாதமாக அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தன்னிடம் மறைத்தது அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. அவன் கண்ணைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அது மட்டும்தான் அவருக்கு அன்றைக்கு வராத தைரியம்.

"ஆறாவது கைப்பிடி காலியா இருக்கு" என்றார் அவனிடம். "அவ யாரையாவது பிடிச்சுப் போட்டுக்கச் சொன்னா. உனக்கு இஷ்டமிருந்தா பிடி."

மேடைக்குப் போனார். பெட்டியின் மூடி இன்னும் போடவில்லை. யாரோ தலையைப் படிய வாரி, அவளை ரொம்ப நல்ல பெண்ணாக ஆக்கி வைத்திருந்தார்கள். முழங்கைக்குக் கீழே பந்து பட்டுப் பட்டுத் தடித்துப்போன இடம் அவருக்குத் தெரியும். அங்கே கையை வைத்தார். குளிர்ந்து கிடந்தது. கூட்டத்துக்கு நடுவே பேசிப் பழக்கமில்லாதவர்.

"மணி அஞ்சே முக்கால் ஆகுது" என்றார். அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

வெளியே வந்தால் தெருவில் ஒரு வாடகை வண்டியும் இல்லை. வாசலில் நின்றது ஒன்றே ஒன்று, அவளைக் கொண்டுவந்த சவ வண்டி. சாயங்காலம் வரைக்கும் பேசி அமர்த்தியிருந்ததால் ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார். சாவிக்காரர் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். பூங்காவின் பெயரைச் சொல்லி, ஆறு மணிக்குள் போக வேண்டும் என்றார். ஓட்டுநர் பல்குச்சியை எடுத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இருபது வருஷமா ஓட்டுறேன். இங்கிருந்து திரும்பிப் போக ஏறின முதல் ஆள் நீங்கதான்" என்றவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார்.

சவ வண்டியை யாரும் முந்துவதில்லை; அதேபோல் அது வேகமாகப் போனால் தடுப்பதும் இல்லை. பஸ்கள் ஒதுங்கின. சிக்னலில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழி விட்டார். போலீஸ்காரரின் மரியாதைக்குத் தலையைக் குனிவதா நிமிர்வதா என்று தெரியாமல், முன்சீட்டில் உயிரோடு உட்கார்ந்திருந்த சாவிக்காரர் சும்மா ஒரு கும்பிடு போட்டுவைத்தார்.

பூங்கா வாசலில் இறங்கும்போது ஐந்து ஐம்பத்தேழு. பிள்ளைகள் ஊஞ்சலில் எப்போதும்போல் கத்திக்கொண்டிருந்தார்கள். சறுக்கு மரத்தடியில் தாய்மார்கள் செருப்புகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நடைபாதையில் வேக நடை போடுகிற ஒருவர், செய்தி தெரியாதவர், கேப்டன் எங்கே சார் என்று கேட்டுக்கொண்டே கடந்து போனார். சாவிக்காரர் ஓடவில்லை. அறுபத்தைந்து வயது முட்டிக்கு ஓட்டமெல்லாம் கட்டுப்படியாகாது. ஆனால் கூடைப்பந்துக் களத்தின் வலையைத் தொட்டுத் தொட்டுக்கொண்டு அவர் போன நடையை ஓட்டம் என்று சொன்னாலும் தப்பில்லை.

கொரியர் கம்பெனி ஆட்கள் ஆறு பேரும் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடையது ஏழு மணி. ஏழில் இருட்டும் கொசுவும் சேர்ந்து வந்துவிடும் என்பதால், ஆறு மணி வேண்டுமென்று பதினோரு வருஷமாகக் காத்திருக்கிற கூட்டம். அவர்கள் தலைவனை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். தூங்கும்போதும் கழுத்தில் விசிலோடுதான் தூங்குவான் என்பது கேப்டனின் அபிப்பிராயம்.

சாவிக்காரர் அவர்களைத் தாண்டிப் போய்க் கோட்டுக்குள் கால் வைத்தார். நடுவில் போய் நின்றார். காவலாளி தன் அறை வாசலுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிஷம் இருந்தது.

விசில் மெதுவாகத்தான் பேசினான். கெட்டவன் இல்லை. கேள்விப்பட்டதாகவும், நேற்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை என்றும் சொன்னான். சொல்லிவிட்டு, "ஆனா நீங்க ஆடுறவர் இல்லையே ஐயா" என்றான்.

கோட்டுக்குப் பதினோரு வருஷமாகச் சுண்ணாம்பு போடுவது யார், நெட்டுக்குக் கம்பி மாற்றியது யார் என்று சாவிக்காரர் கேட்டார். அது வேலை, ஆட்டம் இல்லை என்றான் விசில். இன்றைக்குக்கூட வந்துவிட்டீர்களே, ஒரு நாள் விடக்கூடாதா என்று அவர் கேட்கவில்லை. கேட்க நினைத்தது விசிலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எங்க வீட்டுல ஒரு சாவுன்னா அந்தம்மா விட்டிருப்பாங்களா?" என்றான்.

சாவிக்காரர் யோசித்தார். பொய் சொல்ல அது இடமில்லை.

"விட்டிருக்க மாட்டா" என்றார். "முதல்ல உங்க வீட்டுக்கு வந்து அழுதிருப்பா. ஆறு மணிக்கு இங்க வந்து நின்னிருப்பா."

ஆறு பேரில் ஒருவன் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாது என்று தலையைத் திருப்பிக்கொண்டான். எல்லாரும் காவலாளியைப் பார்த்தார்கள். அந்த எழுதாத சட்டத்துக்கு அவர்தான் நீதிபதி. குழுவின் ஆள் நிற்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, ஆடத் தெரிந்த ஆள் என்று இல்லை என்றார் காவலாளி. இவர் எந்தக் குழுவின் ஆள் என்று கேட்டால் மணல் குழியில் விளையாடுகிற பிள்ளைகூடச் சொல்லும் என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனார். மணி ஆறு.

விசில் விடுவதாக இல்லை. ஒற்றை ஆள் நின்று என்ன செய்யப் போகிறீர்கள், நீங்கள் அந்தப் பக்கம் ஓரமாக நில்லுங்கள், நாங்கள் இந்தப் பக்கம் சும்மா தட்டிக்கொண்டிருக்கிறோம், கோர்ட் வீணாகக் கிடக்க வேண்டாமே என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருப்பதுதான் ஆபத்து. மாமியார் படுத்திருக்கிறாள் இன்றைக்கு மட்டும், விருந்தாளிகள் வருகிறார்கள் இன்றைக்கு மட்டும், பையனுக்குப் பரீட்சை இன்றைக்கு மட்டும் என்று அவளிடமும் எல்லாரும் நியாயமாகத்தான் கேட்டார்கள். அவரும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார்.

"எங்க நேரம் தம்பி" என்றார். "நாங்க ஆடுவோம். வேணும்னா சும்மாவும் போடுவோம்."

அப்படியே சும்மா கிடந்தது கோர்ட். எட்டுப் பக்கமும் பந்துச் சத்தம், பிள்ளைகள் சத்தம், ஊஞ்சல் சங்கிலியின் கிரீச்சு. நடுவில் அந்த ஒரு செவ்வகத்தில் மட்டும் ஒரு கிழவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொரியர் ஆட்கள் வெளியே புல்லில் உட்கார்ந்துகொண்டார்கள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு தாய்மார்கள் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தலையில் அடித்துக்கொள்வதா வாழ்த்துவதா என்று தெரியாமல் போனார்கள்.

முட்டி வலித்தது. உட்காரவில்லை. உட்காரலாமா என்று சட்டத்தில் தெளிவாக இல்லை, வம்பு எதற்கு. இத்தனை வருஷம் கோட்டின் மேல் குனிந்து சுண்ணாம்பு போட்டிருக்கிறாரே தவிர, நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்ததில்லை. இங்கிருந்து பார்த்தால் வீடுகளின் பின்பக்கம்தான் தெரிந்தது. காயப்போட்ட துணிகள், சமையலறை ஜன்னல்கள், ஒவ்வொரு ஜன்னலிலும் வெளிச்சம், ஒவ்வொன்றிலும் ஒரு பெண் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். இதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் பந்தை அந்த அடி அடித்தாளா என்று நினைத்தார். அழுகை வந்தது. நின்றபடியே அழுதார். கோட்டுக்குள் அழக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பு வாரை ஆராய ஆரம்பித்தார்கள்.

ஆறு முப்பத்தைந்துக்குப் போன் அடித்தது. மகன். சட்டென்று எடுக்க முடியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"உள்ள போயாச்சுப்பா."

"ம்."

"அஞ்சு பேரும் தூக்கினாங்க. டீச்சர் முன்னாடி."

ஆறாவது யார் என்று அவர் கேட்கவில்லை.

"அம்மா இவ்வளவு கனமா இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றான் மகன்.

சாவிக்காரர் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டார். எதிரே ஒரு ஜன்னலில் விளக்கு அணைந்தது. ஆமாம்ப்பா என்று மட்டும் சொன்னார். அங்கே யாராவது வந்து தொந்தரவு பண்ணுகிறார்களா என்று மகன் கேட்டான். இல்லை, எல்லாரும் நல்லபடியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார் அவர். கோர்ட் என்ன ஆயிற்று என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. சுற்றி வளைத்து, மணி ஆறுக்குப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டான். இரண்டு நிமிஷம் முன்னாலேயே சேர்ந்துவிட்டேன் என்றார். அதற்குப் பின்னால் அங்கே யாரோ பெண்கள் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று புரியாத ஒரு சத்தம் கேட்டு, போன் நின்றது.

இருட்டு இறங்கிக் கம்ப விளக்கு எரிந்தது. கொசு வந்தது. ஏழாக ஒரு நிமிஷம் இருக்கும்போது விசில் எழுந்து கோட்டருகே வந்தான். அவனுடைய ஆட்களும் எழுந்தார்கள், ஆனால் ஒருவனும் பந்தைத் தட்டவில்லை.

"இருங்க ஐயா" என்றான். "இன்னிக்கு ஏழும் நீங்களே நில்லுங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அவன் மனசாரச் சொன்னான். சாவிக்காரருக்கும் அது தெரிந்தது. ஒரு நிமிஷம் அந்த ஏழு மணி முழுவதும் இங்கேயே நின்றுவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்றுகூட ஆசையாக இருந்தது. காவலாளி அறைக் கடிகாரத்தைப் பார்த்தார். முள் நேராக வந்துவிட்டது.

"வேண்டாம் தம்பி. ஏழு உங்களது" என்று சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டி வெளியே வந்தார். "உங்களது உங்களுக்கு, எங்களது எங்களுக்கு. நாளைக்கும் வருவோம்."

விசில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு உள்ளே போய் விசிலை ஊதினான். பந்து எழும்பியது.

அந்த நேரத்தில்தான் வாசலில் சவ வண்டி மறுபடி வந்து நின்றது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஐந்து பெண்களும் இறங்கி ஓடி வந்தார்கள். கடைசியாக மகன், சட்டை தோளில் கசங்கியிருக்க. கோர்ட்டில் கொரியர் ஆட்கள் ஆடுவதைப் பார்த்ததும் டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள். போய்விட்டது என்று நினைத்துவிட்டாள்.

"மணியப் பாருங்க டீச்சர்" என்றார் சாவிக்காரர். "ஏழு தாண்டிடுச்சு."

டீச்சர் பார்த்தாள். புரிந்தது. மருந்துக்கடைக்காரி தரையிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். சின்னவள் மட்டும் கோட்டருகே போய், விளக்கு வெளிச்சத்தில் ஆடுகிறவர்களை இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்துவிட்டு வந்தாள். நாளைக்கு யார் நிற்பது என்று யாரும் கேட்கவில்லை. மகன்தான், ஒருவரையும் பார்க்காமல், தனக்கு வியாழக்கிழமைகளில் ஐந்தரைக்கு வேலை முடிந்துவிடும் என்று சொன்னான். சாவிக்காரர் அவன் சட்டையின் தோள் பக்கத்தை இழுத்து நேராக்கிவிட்டார்.

வாசலில் ஓட்டுநர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். எட்டு மணிக்குள் திரும்பிப் போய்ச் சாம்பலை வாங்க வேண்டும். அண்ணன் அங்கே தனியாகக் காத்திருக்கிறார், நியாயம் பேச ஆள் இல்லாமல்.

முன்சீட்டு ஒருவருக்குத்தான். அதில் யாரும் ஏறவில்லை. ஏழு பேரும் பின்பக்கமே ஏறினார்கள். இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிய குறுகலான பெஞ்சுகளில், தோளோடு தோள் இடிக்க, இடம் போதாமல் சின்னவள் டீச்சர் மடியில் பாதி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் இத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்து தான் பார்த்ததே இல்லை என்றார் ஓட்டுநர். நடுவில் பெட்டி வைத்திருந்த இடம் காலியாக இருந்தது, நீளமாக, ஓர் ஆள் அளவுக்கு.

வண்டி கிளம்பி மேட்டில் ஏறி இறங்கியது. எல்லாரும் குலுங்கினார்கள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள், பிடிக்க எதுவும் இல்லாமல் முட்டியை முட்டியோடு இறுக்கிக்கொண்டார்கள். கால்களை மட்டும் பெஞ்சுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த நடு இடத்தில் ஒருவரும் கால் வைக்கவில்லை.